இரு உயிர்களும் ஓர் அமானிதமும்

இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் வாழ்வோர் காலையில் வாசற்கதவைத் திறந்ததும் மேற்கே காண்பது மலை. அம்மலை மேகத்தைத் தடுக்கிறது, மழையை இறக்குகிறது, ஆற்றையும் கண்மாயையும் நிறைக்கிறது. ஊர் மக்களுக்கு அது பழகிப்போன காட்சி. பழகிப்போனதாலேயே, அம்மலையில் நம்முடன் குடியிருக்கும் பிற உயிர்களைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றுள் இரண்டை இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஒன்று அடிவாரத்து மரக்கிளைகளில் வாழும் சாம்பல் நிற அணில். மற்றொன்று உச்சிப் பாறைகளில் வாழும் வரையாடு. இரண்டும் பாலூட்டிகள், இரண்டும் இடர்ப்பாட்டில் இருப்பவை. ஆயினும் அவற்றின் இடர் ஒன்றன்று; அவை நம்மிடம் வேண்டுவதும் ஒன்றன்று. இந்த வேறுபாட்டை ஆராய்ந்தால், மனிதன் பிற உயிர்களுக்குச் செய்யக் கடமைப்பட்டது யாது என்னும் பழைய வினாவுக்கு ஓரளவு தெளிவு பிறக்கக்கூடும்.

முதலில் அணிலைப் பார்ப்போம். நம் வீட்டு முற்றத்தில் ஓடும் மூவரி அணிலை எண்ணிக்கொண்டு இதனைக் காண்போர் வியப்படைவர். பூனையளவு உடல், உடலின் நீளத்துக்குக் குறையாத வால், முதுகிலும் வாலிலும் நரை தூவினாற்போன்ற சாம்பல் நிறம். நரை அணில் என்னும் பெயர் அதனால் வந்தது. இலங்கையிலிருந்து கிடைத்த தகவலைக் கொண்டு 1769ஆம் ஆண்டில் பென்னன்ட் என்னும் ஆங்கிலேய இயற்கை நூலறிஞர் இதனை முதன்முதலாக நூலில் விவரித்தார். இலங்கையிலும் தென்னிந்தியாவில் சிற்சில இடங்களிலும் மட்டுமே இவ்வினம் உண்டு. தரையில் இறங்குவது இதற்கு அருமை. உண்பதும் உறங்குவதும் குட்டி வளர்ப்பதும் மரத்தின் மேலேயே. இலைகளையும் சுள்ளிகளையும் சேர்த்து, பக்கத்து மரங்களின் கிளைகள் வந்து கூடும் இடமாகப் பார்த்துக் கூடு கட்டுகிறது. கழுகு வந்தாலும் சிறுத்தை ஏறினாலும் அடுத்த மரத்துக்குத் தாவித் தப்புவதற்கான ஏற்பாடு அது. ஆகவே மரங்கள் இருந்தால் மட்டும் இதற்குப் போதாது. மரத்தோடு மரம் கைகோத்து நிற்க வேண்டும். இடையில் பத்து மரம் வெட்டப்பட்டால், நமக்கு அது ஒரு பாதை; அணிலுக்கு அது கடக்கவியலாத கடல்.

இவ்வணிலின் பெயராலேயே 1988ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் மலையில் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. யானையும் சிறுத்தையும் உலவும் காட்டுக்கு ஓர் அணிலின் பெயர் சூட்டப்பட்டது சிறிய செய்தியன்று. 2021ஆம் ஆண்டில் இச்சரணாலயமும் மேகமலைக் காடும் இணைந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயின. பெயர் புலியினுடையதானாலும், மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தென்படுவது அணிலே.

இனி வரையாடு. வரை என்றால் மலை. சங்க நூல்கள் இதனை வருடை என்று குறிக்கின்றன. ஆகவே தமிழனுக்கு இது புதிய உறவினர் அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே இவ்விலங்கு வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. புல்வெளியும் அதனையொட்டிச் செங்குத்தான பாறையும் இருக்கும் இடமே இதன் வீடு. புல் உணவு, பாறை கோட்டை. மந்தை மேயும்போது ஓர் ஆடு உயரத்தில் நின்று காவல் பார்க்கும். ஆபத்தென்றால் வேறெவ்விலங்கும் கால் வைக்க அஞ்சும் சரிவில் இறங்கி மறைந்துவிடும். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே. நெடுங்காலம் இமயமலைத் தார் ஆட்டின் இனத்தோடு இதனைச் சேர்த்து எண்ணிவந்தனர். 2005ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு, இது செம்மறியாட்டு வழிக்கு நெருங்கியது என்று காட்டவே, இதற்குத் தனிப்பேரினம் வகுக்கப்பட்டது. அப்பேரினத்தில் இது ஒன்றே உறுப்பு. வரையாடு அழிந்தால் ஒரு கிளை மட்டும் முறிவதில்லை. ஒரு வம்சமே முடிகிறது.

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. 2022 டிசம்பரில் இதற்கென 25 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தனித்திட்டத்தை மாநில அரசு அறிவித்தது. 1975ஆம் ஆண்டிலேயே வரையாட்டைப் பற்றி முன்னோடி ஆய்வு நிகழ்த்திய ஈ.ஆர்.சி. தாவீதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாயிற்று. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் என மதிப்பிடப்பட்டன. 2025இல் அத்தொகை 1,303 ஆயிற்று. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையினும் குறைந்த எண்ணிக்கை இது.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் வரையாடு ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்னும் வகுப்பில் இருக்கிறது. அணிலோ, அதனினும் குறைந்த, ‘அச்சுறுத்தலை நெருங்கியது’ என்னும் வகுப்பில் இருக்கிறது. இதனைக் கண்டதும் ஒருவர் கேட்கலாம்: அப்படியாயின் வரையாட்டின் உயிர் உயர்ந்தது, அணிலின் உயிர் தாழ்ந்ததுதானே? அணில் இங்கு அழிந்தாலும் இலங்கையில் இருக்குமே? வரையாட்டுக்கு அந்த வசதியும் இல்லையே?

இக்கேள்வியில் இரு வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. மருத்துவமனைக்கு இருவர் ஒருங்கே வருகின்றனர்; ஒருவருக்கு மூச்சு அடைக்கிறது, மற்றவருக்குக் கை முறிந்திருக்கிறது. மருத்துவர் முதலாமவரை முதலில் கவனிக்கிறார். அவர் உயிர் விலைமிக்கது என்பதாலன்று. அவருக்கு அவகாசம் இல்லை என்பதால். கை முறிந்தவரை, ‘நீ பிழைத்துக்கொள்வாய், வீட்டுக்குப் போ’ என்று அனுப்பிவிடுவாரானால் அவர் மருத்துவரே அல்லர். பட்டியல் அவசரத்தின் வரிசையைச் சொல்கிறது. மதிப்பின் வரிசையைச் சொல்வதில்லை. இலங்கையில் உறவினர் இருக்கிறார் என்பதால் இங்குள்ளவரின் வாழ்வுரிமை குறைந்துவிடாது என்பது மனிதருக்குப் பொருந்துமாயின், அணிலுக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

அடுத்து எழும் வினா இன்னும் அடிப்படையானது. இவற்றைக் காக்க வேண்டும் என்று எதனால் சொல்கிறோம்?

பயன் கருதிக் காக்க வேண்டும் என்பது ஒரு விடை. அதற்கு வரலாறு உண்டு. 1879ஆம் ஆண்டில் நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன் பின்னே நின்றவர்கள் துப்பாக்கி ஏந்திய வெள்ளைத் துரைமார். அடுத்த ஆண்டும் சுடுவதற்கு விலங்கு வேண்டுமே என்ற கவலையே அவர்களை ஆட்கொண்டிருந்தது. அக்கவலையால் வரையாட்டுக்கும் சிறிது நன்மை விளைந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆட்சியில், வரையாடு மேயும் புல்வெளிகள் ‘தரிசு’ எனக் கருதப்பட்டன. மரம் இல்லாத நிலம் பயனற்ற நிலம் என்று முடிவு கட்டி, அயல்நாட்டுச் சீகை மரங்களும் தைல மரங்களும் நடப்பட்டன. புல்வெளி நீரைப் பிடித்து வைத்துப் பின்னர் மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகிறது என்னும் உண்மையை உலகம் உணர்ந்தது பிற்காலத்தில். ‘பயன்’ என்பதை மனிதன் தன் அப்போதைய அறிவைக் கொண்டு அளக்கிறான். அறிவு குறைந்த காலத்தில் அவன் பயனற்றது என்று தள்ளியது, அறிவு வளர்ந்த காலத்தில் மீட்க முடியாத இழப்பாகிவிடுகிறது.

நம் சமுதாயத்தின் தொடக்க வரலாற்றிலும் இருவகைப் பாதுகாப்பைக் காண்கிறோம். மதீனாவை அடுத்த நகீஃ என்னும் மேய்ச்சல் வெளியை, முஸ்லிம்களின் குதிரைகளுக்கென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒதுக்கி வைத்தார்கள். ஹிமா எனப்படும் இவ்வேற்பாடு பொது நலனுக்கானது, பயன் கருதியது. மற்றொன்று ஹரம். மக்காவின் புனித எல்லைக்குள் வேட்டையாடுதலும் தானாய் முளைத்த மரஞ்செடிகளை வெட்டுதலும் விலக்கப்பட்டுள்ளன. அங்குள்ள புறாவாலும் முட்செடியாலும் மனிதனுக்கு என்ன ஆதாயம் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அந்த எல்லையில் நுழையும் மனிதன் தன் அதிகாரத்தை வாசலில் வைத்துவிட்டுச் செல்கிறான். பயன் கருதிய பாதுகாப்பும் தேவை. ஆனால் பயனுக்கு அப்பாற்பட்ட பாதுகாப்பு ஒன்று உண்டு என்பதையும் நம் மரபு மறவாமல் வைத்திருக்கிறது.

அந்த இரண்டாவது வகைக்கு அடிப்படை எது? அமானிதம் என்னும் ஒரு சொல்லே அதற்குப் போதும். வக்ஃபுச் சொத்தை நாம் அறிவோம். முதவல்லி அதன் உரிமையாளர் அல்லர். அதன் வருவாயிலிருந்து நியாயமான ஊதியம் பெறலாம், விற்க முடியாது, தம் பிள்ளைகளுக்குப் பங்கிட முடியாது. அதன் பயனாளிகளுள் ஓர் ஏழை விதவை இருந்தால், ‘இவளால் எனக்கு என்ன பயன்?’ என்று முதவல்லி கேட்கலாகாது. அவள் பெயர் ஆவணத்தில் இருக்கிறது. அதுவே அவள் உரிமை. மனிதன் இப்பூமியின் முதவல்லியே என்று நாம் உண்மையாகவே நம்பினால், அணிலும் வரையாடும் அந்த ஆவணத்தில் பெயருள்ள பயனாளிகள். பெயரை எழுதியவன் நாம் அல்லோம். எனவே அடித்துவிடும் அதிகாரமும் நமக்கு இல்லை.

இதுவரை வந்த வழியில் அணிலும் வரையாடும் ஒன்றுபோலவே நின்றன. இங்கிருந்து அவை பிரிகின்றன. அவை வேண்டும் கடமைகள் வெவ்வேறானவை.

வரையாடு நம்மிடம் வேண்டுவது விலகல். அதன் உச்சிக்கு நாம் போகாதிருந்தால் போதும். தீ வைக்காதிருந்தால் போதும். வலை வைக்காதிருந்தால் போதும். அயல் மரங்கள் அதன் புல்வெளியை விழுங்காதபடி பார்த்துக்கொண்டால் போதும். இது பெரிதும் அரசின் வேலை. எல்லை வகுக்கலாம், காவல் போடலாம், நிதி ஒதுக்கலாம். ஊரிலுள்ள எந்தக் குடும்பத்தின் அடுப்பும் இதனால் அணையப்போவதில்லை. எட்டாத உயரத்தில் இருப்பதன்மேல் அன்பு செலுத்துவது எளிது.

அணில் வேண்டுவது வேறு. அது பொறுமையை வேண்டுகிறது. அதன் காடு அரசு நட்ட எல்லைக் கல்லோடு முடிவதில்லை. மலையடிவாரத்து மாந்தோப்பும் தென்னந்தோப்பும் புளியமரங்களும் அதன் காடே. அவற்றுள் பல தனியார் பட்டா நிலங்கள். புளியும் மாங்காயும் அணிலுக்கு உணவு. அவையே தோப்புக்காரருக்கும் உணவு. சட்டம் அணிலைக் கொல்லுவதைக் கடுங்குற்றமாக்கி வைத்திருக்கிறது. ஆனால் தோப்பு என்றென்றும் தோப்பாகவே இருக்க வேண்டும் என்று பட்டாதாரருக்கு அச்சட்டம் கட்டளையிடவில்லை. தந்தை மறைகிறார், நான்கு மக்கள் பாகம் பிரிக்கின்றனர், நடுவில் வேலி எழுகிறது, வேலிக்காக ஒரு வரிசை மரம் வீழ்கிறது. ஒருவர் பாகத்தை மனையாக விற்கிறார். யாரும் அணிலை நோக்கிக் கல்லெறியவில்லை; யாரும் சட்டத்தை மீறவில்லை. எனினும் மரத்தோடு மரம் கோத்திருந்த கை விடுபட்டது. அணிலின் உலகம் இரு துண்டாயிற்று.

இங்கேதான் நம் ஆராய்ச்சி கடினமாகிறது. தோப்புக்காரர் நம்மைப் பார்த்துக் கேட்கிறார்: “வரையாட்டுக்குக் கோடிக்கணக்கில் செலவிடுகிறீர்கள். அணிலுக்கு மட்டும் என் மாங்காயா? பட்டணத்திலிருந்து வந்து அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துச் செல்வோருக்கு மகிழ்ச்சி, நட்டம் எனக்கா?”

இக்கேள்வியைச் சிறுமை என்று ஒதுக்குவோர் நீதம் அறியாதோர். நம்மில் சிலர் உடனே ஒரு விடை சொல்வர்: ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவையும் விலங்கும் உண்பது அவருக்கு ஸதகாவாகக் கணக்கிடப்படும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையன்றோ என்று. உண்மைதான். மரம் நட்டவர் தம் நெஞ்சுக்குள் சொல்லி மகிழ வேண்டிய இனிய உண்மை அது. ஆனால் அதனை அவர் சொல்வது வேறு. அவரிடம் நாம் சொல்வது வேறு. தம் கையிலிருந்து ஒரு காசும் கொடாதவர், கொடுக்க நேர்ந்தவரிடம் தருமத்தின் பெருமையைப் பேசுவது உபதேசம் ஆகாது. சுமையை அடுத்தவர் தோளில் வைத்துவிட்டு அதன் நன்மையைப் பாடுவதாகும்.

நீதம் வேறு, இஹ்ஸான் வேறு. நீதத்தைக் கேட்டு வாங்கலாம், வற்புறுத்தியும் வாங்கலாம். இஹ்ஸான் தானாக மலர வேண்டும். பிடுங்கினால் அது இஹ்ஸான் அன்று. அணிலைக் கொல்லாதிருப்பது நீதம். அதனைத் தோப்புக்காரரிடம் நாம் கேட்கலாம். பத்து மாங்காயை அது கடித்துப் போகும்போது சிரித்துக்கொண்டு பொறுப்பது இஹ்ஸான். அது அவர் விருப்பம். மனைக்கு நல்ல விலை வரும்போதும் தலைமுறை தலைமுறையாகத் தோப்பைத் தோப்பாகவே வைத்திருக்க வேண்டுமென்றால், அது ஒரு தனிமனிதரின் இஹ்ஸானைக் கொண்டு மட்டும் நடக்கக்கூடியதன்று. அதன் பயன் அனைவருக்கும் உரியதாயின் அதன் செலவும் அனைவருக்கும் உரியதே. இதுவும் நீதம், இது தோப்புக்காரர் நம்மிடம் கேட்கும் நீதம்.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று ஐயுறுவோர் பிரேசில் நாட்டைப் பார்க்கலாம். அங்கு இரியோ நகரை அடுத்த கரையோரக் காடுகளில் பொன்னிறச் சிங்கக் குரங்கு என்னும் சிற்றினம் ஒன்று உண்டு. நம் அணிலைப் போல அதுவும் கிளைவழி வாழும் உயிர். அதன் காடும் மேய்ச்சல் நிலங்களுக்காகத் துண்டு துண்டாக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 200 குரங்குகளே காட்டில் எஞ்சியிருந்தன. 1984 முதல், உயிரியல் பூங்காக்களில் பிறந்தவற்றைக் கொண்டுவந்து காட்டில் விட்டனர். விடப்பட்ட இடங்களுள் பல தனியார் பண்ணைகளே. பண்ணையாளர்களை எதிரிகளாகக் கருதாமல் கூட்டாளிகளாக்கிக்கொண்டனர். துண்டுபட்ட காடுகளை இணைக்க இடையே மரம் வளர்த்தனர். 2020இல் பெருஞ்சாலைக்கு மேலே மரம் நட்ட பாலமே அமைந்தது. நடுவில் மஞ்சள் காய்ச்சல் வந்து பெருந்தொகையைக் கொண்டுபோயிற்று. அப்படியிருந்தும் 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4,800 என மதிப்பிடப்பட்டது. துண்டுபட்டதை மீண்டும் இணைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

அதே நாட்டில் எதிர்ச்சான்றும் உண்டு. அமேசான் காட்டின் நடுவேயுள்ள மனாவுஸ் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தவிர வேறிடம் அறியாத இருநிறக் குரங்கு ஒன்று, நகரம் வளர வளர ஒடுங்கி, மிகக் கடுமையான ஆபத்து வகுப்பில் நிற்கிறது. பொன்னிறத்தின் உருவம் அந்நாட்டு இருபது இரெயால் பணத்தாளில் இருக்கிறது. முகத்தில் மயிரற்ற மற்றதை, உலகம் அவ்வளவாக அறியாது. அழகு பார்த்து அன்பு செலுத்தினால் நேரும் குறை இது. ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருப்பதைப் போற்றுவோம். ஊர் ஓரத்தில் நம்மோடு இடத்துக்குப் போட்டியிடுவதை மறந்துவிடுவோம். வரையாட்டுக்கும் அணிலுக்கும் இடையே நாமும் இவ்வாறு பாகுபாடு செய்துவிடக்கூடாது.

ஆயின் நாம் செய்யக்கூடியது யாது? அரசுக்குரியதை அரசு செய்யட்டும். தோப்பு நிலைத்திருப்பதற்கு ஈடு வழங்கும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுவது குடிமக்களுக்கு உரியது. மலையடிவாரத்தில் நிலமுள்ள குடும்பங்கள் பாகம் பிரிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளலாம். வரப்பு மரங்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு நிலத்தை மட்டும் பிரிக்கலாம்; எல்லைக்குக் கல் போதும், மரத்தை வீழ்த்த வேண்டுவதில்லை. பழம்புளி ஒன்றை வெட்டுமுன், அதன் கிளை எந்தக் கிளையைத் தொட்டு நிற்கிறது என்று ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம். நிலமில்லாதோர், மலைக்குச் செல்லும் நாளில் நெகிழிப் பைகளையும் தின்பண்டங்களையும் அங்கு விட்டுவராமல் இருக்கலாம். இவை சிறியவையே. ஆனால் அணிலின் உலகம் சிறியவற்றால்தான் சிதைகிறது. ஆகவே சிறியவற்றால்தான் அது காக்கப்படவும் முடியும்.

மலையுச்சியில் நிற்பதை விட்டு விலகி நிற்க நாம் கற்றுக்கொண்டு வருகிறோம். எண்ணிக்கையும் சற்றே ஏறிவருகிறது. அதற்காக மகிழ்வோம். ஆனால் முதவல்லியின் நேர்மை, தொலைவிலுள்ள பயனாளிக்குத் தபாலில் பணம் அனுப்புவதால் மட்டும் தெரிந்துவிடாது. தம் வீட்டுச் சுவரையொட்டிக் குடியிருக்கும் பயனாளியின் பங்கை, அது தம் பங்கோடு உரசும் நாளிலும் குறைக்காமல் கொடுக்கிறாரா என்பதில்தான் அது தெரியும். வரையாட்டின் கணக்கை அரசு எழுதுகிறது. அணிலின் கணக்கை மலையடிவாரத்துத் தோப்புக்காரரும், அவர் சுமையில் பங்கேற்கக் கடமைப்பட்ட நாமும் சேர்ந்தே எழுத வேண்டும்.